விற்கும் கதையும் நிற்கும் கதையும்

ஆசிரியர் அறையிலே தேநீர் வேளையில் எழும் வாதங்கள் பெரும்பாலும் மணி அடித்தவுடன் மறைந்துபோவன. சென்ற தவணையில் எழுந்த வாதம் ஒன்று மாத்திரம் மூன்று நாள் நீடித்தது. இலட்சக் கணக்கில் விற்பனையாகும் நாவல்களை எழுதுவோரை இலக்கிய கர்த்தர் என்று கொள்ளலாமா என்பதே அங்கு எழுந்த வினா. கணித ஆசிரியராகிய நண்பர், "ஏன் கொள்ளக்கூடாது? வாங்கினோர் தொகையே சான்றல்லவா?" என்றார். "அப்படியானால், கொத்துரொட்டிதான் இந்நாட்டின் தலைசிறந்த உணவு என்று தீர்ப்பு எழுதுங்கள்" என்றார் ஆங்கிலம் கற்பிக்கும் அம்மையார். இருவரையும் மறுத்து எழுந்தார் விஞ்ஞான ஆசிரியர்; வயதில் இளையவர். "உலகம் இப்படி மாறினால் மனிதன் என்ன ஆவான் என்று கேட்கும் கதைகளை நீங்கள் இருவருமே சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்குகிறீர்களே!" என்பது அவருடைய முறைப்பாடு.

அம்மூன்று நாளும் நாம் வாய் திறக்கவில்லை. அதற்கொரு காரணம் நமது மேசை லாச்சியிலே கிடந்தது. அதனைப் பின்னர் சொல்வோம்.

இவ்வழக்கு நமது ஆசிரியர் அறையிலே பிறந்ததன்று. இதனைவிடப் பெரிய மன்றங்களிலே பெரியவர்கள் நடத்திய வழக்கு இது. அமெரிக்காவில், தேசிய நூல் விருதுகளை வழங்கும் மன்றம், இலக்கியத்துக்கு வாழ்நாள் முழுதும் தொண்டாற்றியோர்க்கு ஒரு பதக்கமும் அளித்துவருகின்றது. 2001இல் நாடகாசிரியர் ஆர்தர் மில்லரும், 2002இல் நாவலாசிரியர் பிலிப் ரோத்தும் அதனைப் பெற்றனர். 2003இல் அது ஸ்டீவன் கிங் என்பவருக்குக் கிடைத்தது. பேய்க்கதைகளும் திகிற் கதைகளும் எழுதிக் கோடிக்கணக்கான பிரதிகள் விற்றவர் அவர். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியரும் பெயர்பெற்ற விமரிசகருமான ஹரோல்ட் புளூம் உடனே பத்திரிகையிலே சீறி எழுந்தார். நாட்டின் அறிவுத்தரம் இறங்கிவருவதற்கு இத்தெரிவு இன்னுமொரு சான்று என்பது அவருடைய குற்றச்சாட்டின் சாரம்.

பதக்கம் பெற்ற மேடையில் கிங் அவர்கள், மக்கள் விரும்பும் கதைக்கும் இலக்கியம் எனப்படும் கதைக்கும் இடையே பாலம் வேண்டும் என்று பேசினார். சனரஞ்சக எழுத்தாளர் சிலரின் பெயர்களைச் சொல்லி, அவர்களையும் வாசியுங்கள் என்றார். அதே இரவில் நாவலுக்கான விருதைப் பெற்றவர் ஷேர்லி ஹஸார்ட் என்னும் அம்மையார். அவர் எழுந்து, இப்போது அதிகம் வாசிக்கப்படுவோரின் பட்டியலொன்றைத் தருவதனால் நமக்குப் பெரும் நிறைவு எதுவும் உண்டாகாது என்று பணிவாகவே பதில் இறுத்தார். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டென்றே நமக்குத் தோன்றுகின்றது.

கிங் நமது தொழிலைச் செய்தவர் என்பதை வாசகர் பலர் அறியார். மேயின் மாநிலத்திலே உயர்தரப் பாடசாலை ஒன்றில் ஆங்கில ஆசிரியராக இருந்தார். வாகன வீடொன்றிலே மனைவி மக்களோடு குடியிருந்தார். 'கரி' என்னும் முதல் நாவலின் தொடக்கப் பக்கங்களை, தேறாது என்று குப்பைக் கூடையிலே எறிந்துவிட்டார். அவற்றைப் பொறுக்கி எடுத்து, தொடர்ந்து எழுதும்படி வற்புறுத்தியவர் அவருடைய மனைவி தபிதா. அந்நூலுக்கு முற்பணமாகக் கிடைத்தது 2,500 டொலர். பின்னர் மலிவுப் பதிப்புக்கான உரிமை மாத்திரம் 4 இலட்சம் டொலருக்கு விலைபோனது. கொப்பி திருத்தும் வேலை அத்தோடு அவருக்கு முடிந்தது. (இவ்விடத்தில் பெருமூச்சு விடாத ஆசிரியர் உண்டானால் அவர் புண்ணியவான்.)

'கரி' வெளிவந்தது 1974இல். அதே ஆண்டில் ஊர்சுலா லெ குவின் என்னும் அம்மையார் 'உடைமை இழந்தோர்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நாவலை வெளியிட்டார். ஒன்றையொன்று சுற்றும் இரு உலகங்கள். ஒன்றிலே செல்வமும் அதிகாரமும் கொழிக்கின்றன, மற்றதிலே தனியுடைமையும் இல்லை, அரசும் இல்லை. இரண்டிலும் முற்றாகப் பொருந்தாத ஒரு பௌதிக அறிஞன்தான் கதாநாயகன். இத்தகைய நூல்களை 'ஊகப் புனைகதை' என்று இன்று வழங்குகின்றனர். பதக்கங்கள் இவர்களை நெடுங்காலம் எட்டிப் பார்க்கவில்லை. 2000இல் ரே பிராட்பரிக்குக் கிடைத்ததை விதிவிலக்கு என்றே சொல்லவேண்டும். கிங் பெற்ற அதே பதக்கம் லெ குவினுக்கு 2014இல், அவருடைய 85ஆவது வயதில் வந்தது. நெடுங்காலம் வெளியே நிறுத்தப்பட்டிருந்த தம் தோழர் அனைவரோடும் அதனைப் பகிர்ந்துகொள்வதாக அவர் சொன்னார். அத்தோடு நில்லாமல், சந்தைக்குப் பண்டம் செய்வது வேறு, கலை பயில்வது வேறு என்று பதிப்பாளர்கள் நிறைந்த சபையிலேயே எடுத்துரைத்தார். மின்னூல்களுக்குப் பொதுமக்களிடம் வாங்கும் விலையைப்போல ஆறேழு மடங்கைப் பொது நூலகங்களிடம் அறவிடுகிறார்களே என்று கண்டிக்கவும் அவர் தயங்கவில்லை.

ஒரே வாசலிலே தடுத்து நிறுத்தப்பட்ட இருவரில், விற்பனையால் தாழ்ந்தவர் என்று கருதப்பட்டவர் பாலம் கேட்டார். கற்பனையால் தாழ்ந்தவர் என்று கருதப்பட்டவர் விற்பனையையே எச்சரித்தார். நமது விஞ்ஞான ஆசிரியர் இரு கட்சியோடும் ஏன் சேரவில்லை என்பது இப்போதுதான் நமக்கு விளங்குகின்றது.

இவ்வேலி எங்கே ஓடுகின்றதென்று எழுத்தாளருக்கே தெளிவில்லை. கனடிய நாவலாசிரியை மார்கிரட் அற்வுட், தாம் எழுதுவது விஞ்ஞானக் கதை அன்று, நடக்கக்கூடியவற்றையே எழுதுகிறேன் என்று பலகாலும் சொல்லிவந்தவர். பெண்களைப் பிள்ளை பெறும் கருவிகளாக்கிய கொடுங்கோலாட்சியைச் சித்திரிக்கும் அவரது 'பணிப்பெண்ணின் கதை' 1986இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. 1987இல் இங்கிலாந்திலே சிறந்த விஞ்ஞான நாவலுக்கென ஒரு பரிசு புதிதாக ஏற்படுத்தப்பட்டது. அதன் முதற் பரிசைப் பெற்றதும் இதே நூல்தான்! அப்பரிசுக்குப் பொருள் உதவியவர் யார்? நமது கொழும்பிலே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க். பரிசும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து குடியமர்ந்து, 2008 மார்ச்சில் தமது 90ஆவது வயதில் இங்கேயே காலமானவர். உலகெங்கும் விற்பனையானவர். அவருடைய மாந்தர்கள் மரப்பொம்மைகள் என்று குறைகூறும் வாசகர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அக்குறை முற்றும் பொய்யன்று. எனினும், 1973இல் வெளிவந்த 'ராமாவுடன் ஒரு சந்திப்பு' என்ற அவருடைய நாவலைப் பாருங்கள். 50 கிலோமீற்றர் நீளமான விண்கலம் ஒன்று சூரிய மண்டலத்துக்குள் வருகின்றது. கிரேக்க, உரோமப் பெயர்கள் தீர்ந்துபோனமையால் வானியலாளர் இந்துக் கடவுளரின் பெயர்களை எடுத்து, அதற்கு இராமன் பெயரை இடுகின்றனர்! மனிதர் உள்ளே புகுந்து பார்க்கின்றனர். அதனைச் செய்தவர் யார், எங்கே போகின்றனர் என்பதற்கு விடை கிடைக்கவே இல்லை; கலம் தன் வழியே போய்விடுகின்றது. வாசகனுக்கு முடிவை ஊட்டிவிடுவதே விற்பனை எழுத்தின் இலக்கணம் என்று சொல்வோர் இதற்கு என்ன சொல்வர்? அண்மையில், கொல்சன் வைற்ஹெட் எழுதிய 'நிலக்கீழ் இருப்புப்பாதை' என்னும் நாவலும் அவ்வாறே. அடிமைகள் தப்பியோட உதவிய இரகசிய வழியை மெய்யான புகையிரதப் பாதையாகவே கற்பனை செய்த அந்நூல், அமோகமாக விற்பனையானது. 2017இல் புலிற்சர் பரிசையும் கிளார்க் பரிசையும் ஒருங்கே பெற்றது.

அப்படியானால் தரத்தை அறிவது எவ்வாறு? 1961இல் சி. எஸ். லூயிஸ் என்னும் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஒரு வழி சொன்னார். நூலை வைத்து வாசகனை எடைபோடாதீர்கள்; வாசிக்கும் விதத்தை வைத்து நூலை எடைபோடுங்கள் என்றார். இரண்டாம் முறை ஒருவனை அழைக்கின்றதா என்பது அவர் காட்டிய அடையாளங்களில் ஒன்று. நாம் இதனைப் பரீட்சித்தோம். டான் பிரவுண் 2003இல் எழுதிய 'டாவின்சி கோட்' நாவலை ஓர் இரவில் முடித்திருந்தோம். மறுமுறை எடுத்தபோது, விடை தெரிந்த விடுகதையாக நாற்பதாம் பக்கத்திலேயே கைவிட நேர்ந்தது. மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். லெ குவின் 1969இல் எழுதிய 'இருளின் இடக்கை'யை இருமுறை தொடங்கி இருமுறையும் விட்டோம். ஆண் பெண் என்ற நிலையான பேதமற்ற மாந்தர் வாழும் பனியுலகம். வாயில் நுழையாப் பெயர்கள். மூன்றாம் முறைதான் அந்நூல் கதவைத் திறந்தது. பனிப்பாழைக் கடக்கும் இருவரின் நட்பை வாசித்த இரவில் நமக்கு உறக்கமில்லை.

இதனை இல்லாளிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் சிரித்தார். மாதாந்தத் துப்பறியும் நாவல்களை விரும்பி வாசிப்பவர் அவர். "விடிய நாலு மணிக்கு எழும்பி, சமைச்சு, வேலைக்குப் போய் வாற ஒருத்தியிடம், முதல் ஐம்பது பக்கத்தையும் பொறுத்துக்கொள் எண்டு கேட்க ஆருக்கு உரிமை இருக்கு?" என்றார். பேராசிரியர் புளூமும் இதற்கு விடை சொல்லியிருப்பாரா என்பது ஐயமே. நாம் சொல்லவில்லை.

இனி, லாச்சியிலே கிடந்த நூலின் கதை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், உயர்தர வகுப்பிலே சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். பின்வரிசை மாணவன் ஒருவன் மேசைக்குக் கீழே எதையோ வாசிப்பதைக் கண்டோம். பிடித்துப் பார்த்தால், கிங் எழுதிய 'கரி'! வகுப்பெல்லாம் கேட்கும்படி, குப்பை என்று சொல்லிப் பறித்து லாச்சியிலே போட்டுப் பூட்டினோம். தவணை முடிவில் அவன் கேட்கவில்லை, நாமும் கொடுக்கவில்லை.

பல ஆண்டுகளின் பின்னரே அதனை வாசித்தோம். சகமாணவரால் ஓயாது எள்ளப்படும் ஒரு பெண்பிள்ளை. அவளுடைய மனத்துக்குப் பொருள்களை அசைக்கும் ஆற்றல் உண்டு. சபை நடுவே அவமானப்படுத்தப்பட்ட இரவில் பாடசாலையையும் ஊரையும் எரித்துவிடுகின்றாள். விசாரணை அறிக்கைகளும் பத்திரிகைச் செய்திகளும் கலந்து கதை செல்கின்றது. நடை சில இடங்களில் முரடு. முதல் நாவல் என்பது தெரிகின்றது. ஆனால் அன்று நாம் வகுப்பிலே கற்பித்துக்கொண்டிருந்தது எதனை? அநீதி இழைக்கப்பட்ட ஒரு பெண் மதுரையை எரிக்கப்போகும் கதையை அல்லவா? பின்வரிசைப் பையன் இரண்டையும் ஒருங்கே கேட்டுக்கொண்டும் வாசித்துக்கொண்டும் இருந்திருக்கின்றான்!

ஆசிரியர் அறை வாதம் நடந்து சில கிழமைகளில் அவன் நம்மைக் காண வந்தான். இப்போது கொழும்பிலே வங்கி உத்தியோகம். நூலை எடுத்து நீட்டினோம். அவன் புரட்டியபோது நடுவிலிருந்து பழைய பஸ் டிக்கற் ஒன்று விழுந்தது; அவன் வைத்த அடையாளம்.

"மிச்சத்தை வேறெங்கும் வாசிக்கேல்லையோ, தம்பி?" என்று கேட்டோம்.

"இல்லை, சேர். அதுக்குப் பிறகு கதைப் புத்தகம் ஒண்டுமே வாசிக்கேல்லை" என்றான். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்கு விடையாகவே சொன்னான்.

டிக்கற்றை எடுத்து அதே பக்கத்தில் வைத்தவன், "கடைசியில அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது, சேர்?" என்றான்.

நாம் சொல்லவில்லை. நூலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மாலைப் பஸ்ஸுக்குப் புறப்பட்டான்.