16 கிலோ இரும்பும் 23 கிலோ பெட்டியும்

கோயம்புத்தூரிலிருந்து பெர்லினுக்குக் குடிபெயர்ந்தபோது விமானத்தில் எனக்கு அனுமதித்தது 23 கிலோவுக்கு ஒரு பெட்டி. என் கெட்டில்பெல் ஒன்றே 16 கிலோ. அதுவும் ஒரு ஜோடி டம்பெல்லும் கதவு நிலையில் மாட்டும் கம்பியும் பீளமேட்டில் சித்தப்பா மகன் வீட்டு மொட்டைமாடி அறைக்குப் போயின. கப்பலில் போடலாமே என்று சொன்னவர்கள் உண்டு. இரும்பைக் கடல் தாண்டி அனுப்பும் காசுக்குப் போன இடத்தில் புதிதே வாங்கிவிடலாம். ஆனால் போனவுடன் வாங்குவதும் சரிப்படாது. பெர்லினுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கட்டில், மேஜையோடு கிடைக்கும் தற்காலிக அறையில்தான் தங்குகிறார்கள். நிலையான வாடகை வீடு அமைய மாதக்கணக்கில் ஆகும். அது பழைய கட்டடம் என்றால் பல இடங்களில் லிஃப்ட் இருக்காது. வாங்கிய இரும்பை நான்கு மாடிக்கும் நாமே சுமக்க வேண்டும்.

இந்த இடைக்காலத்தில்தான் பலர் உடம்பைக் கைவிடுகிறார்கள். முகவரிப் பதிவு, விசா அலுவலகம், வங்கிக் கணக்கு, பிள்ளைக்குப் பள்ளி என்று ஒவ்வொன்றாக வரும். "வீடு அமையட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவார்கள். என்னைக் கேட்டால், அந்த மாதங்களில் உடம்பை முன்னேற்ற வேண்டிய கட்டாயமே இல்லை. சேர்த்து வைத்த வலுவைக் காப்பாற்றினால் போதும். காப்பாற்றுவதற்கு ஆகிற வேலை, சேர்ப்பதற்கு ஆன வேலையில் ஒரு சிறு பங்குதான்.

இது என் ஊகமில்லை. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. இளையவர்களையும் 60 வயது கடந்தவர்களையும் 16 வாரம், வாரத்துக்கு 3 நாள், கால்களுக்கு எடைப் பயிற்சி செய்ய வைத்தார்கள். அதன்பின் 32 வாரங்களுக்குச் சிலரை முழுக்க நிறுத்தச் சொன்னார்கள். சிலருக்குப் பயிற்சியை மூன்றில் ஒரு பங்காகவும், சிலருக்கு ஒன்பதில் ஒரு பங்காகவும் குறைத்தார்கள். ஒன்பதில் ஒரு பங்கு என்றால் வாரத்தில் ஒரே நாள், ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரே சுற்று. இளையவர்களுக்கு அதுவே தசையின் அளவைக் காப்பாற்றப் போதுமானதாக இருந்தது. குறைத்தது எண்ணிக்கையைத்தான், தூக்கிய எடையின் கடுமையை அல்ல. வெறும் கையோடு இருப்பவருக்கும் அந்தக் கடுமையை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் கேள்வி.

தண்டாலை எடுத்துக்கொள்வோம். தரையில் கை ஊன்றிச் சாதாரணமாகத் தண்டால் எடுக்கும்போது உடல் எடையில் சுமார் 64 விழுக்காடு கைகளில் இறங்குகிறது என்று அளந்திருக்கிறார்கள். முட்டியைத் தரையில் ஊன்றினால் 49. சோபாவின் கைப்பிடி போல 60 சென்டிமீட்டர் உயரமான ஒன்றில் கையை வைத்தால் 41. கையைத் தரையில் வைத்துக் காலை அதே உயரத்தில் ஏற்றினால் 74. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது ஏறக்குறைய 25 கிலோவிலிருந்து 44 கிலோ வரை. ஜிம்மில் வரிசையாக அடுக்கியிருக்கும் எடைகளின் வேலையை ஒரு சோபாவும் தரையும் செய்துவிடுகின்றன. பழக்கமில்லாதவர் சோபாவில் கை வைத்துத் தொடங்கலாம். தரையில் இருபது எடுத்தும் மூச்சு வாங்காதவர் காலை மேலே ஏற்றலாம். கடைசி இரண்டு மூன்று எடுக்கும்போது கை நடுங்க வேண்டும். நடுங்கவில்லை என்றால் அது காப்பாற்றும் பயிற்சி ஆகாது.

கால்களுக்குப் பஸ்கி. இங்கே குதித்துச் செய்கிற எதையும் மறந்துவிட வேண்டும். ஜெர்மனியில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரையிலும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அமைதி காப்பது எழுதிவைத்த ஒழுங்கு. பழைய கட்டடங்களில் மரப்பலகைத் தரை. ஒரு தடவை குதித்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அதனால் மெதுவாகச் செய்யக் கற்றுக்கொண்டேன். நான்கு எண்ணும் வரை இறங்கி, கீழே இரண்டு எண்ணும் வரை நின்று, எழுவது. அதுவும் எளிதாகிவிட்டால் பின்காலின் பாதத்தை நாற்காலி மேல் வைத்துவிட்டு முன்காலை மட்டும் மடக்கி இறங்குவது. எடையே இல்லாமல் தொடை எரியும். சத்தம் துளியும் வராது.

தள்ளுவதற்குத் தரை போதும். இழுப்பதற்குத்தான் ஏதாவது வேண்டும். முதுகுத் தசைகள் இழுத்தால்தான் வேலை செய்யும். கணினி முன் குனிந்தே பிழைப்பவர்களுக்கு முதுகுதான் முதலில் தளரும். மேஜைக்கு அடியில் படுத்து அதன் விளிம்பைப் பிடித்து இழுக்கச் சொல்லும் காணொளிகள் நிறைய. தற்காலிக அறைகளில் இருக்கும் லேசான மேஜைகளில் அதைச் செய்யவே செய்யாதீர்கள், கவிழ்ந்துவிடும். நான் நம்பியது அரிசி மூட்டையை. நொய்க்கோல்ன் பகுதியில் இலங்கைத் தமிழர் கடைகளில் 10 கிலோ மூட்டை கிடைக்கும். அதை அப்படியே முதுகுப்பைக்குள் இறக்கி, இடைவெளியில் ஒரு போர்வையைத் திணித்தால் ஆடாமல் நிற்கும். ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, முதுகைக் கூன் விடாமல் இடுப்பிலிருந்து குனிந்து, மறு கையால் பையின் மேல்பிடியைப் பிடித்து இடுப்பு வரை இழுக்க வேண்டும். சமைக்கச் சமைக்க மூட்டை இளைக்கும். அதற்கு ஏற்ப எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வேன்.

வெளியே போக முடிந்த நாளில் ஹாசன்ஹைடே பூங்கா. 1811-இல் பிரெட்ரிக் லுட்விக் யான் என்ற ஆசிரியர் இங்கேதான் ஜெர்மனியின் முதல் திறந்தவெளி உடற்பயிற்சிக் களத்தை அமைத்தார். இணைகம்பிப் பயிற்சி பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அவருடைய வெறித்தனமான தேசியவாதத்தையும் யூத வெறுப்பையும் என்னால் ஏற்க முடியாது. ஆனால் காசில்லாதவனும் திறந்த வெளியில் கம்பியைப் பிடித்துத் தொங்கலாம் என்ற ஏற்பாடு இந்த நாட்டில் வேரூன்றிவிட்டது. 1970-இல் மேற்கு ஜெர்மனியின் விளையாட்டுக் கூட்டமைப்பு 'டிரிம் டிஷ்' என்றொரு இயக்கம் தொடங்கியது. அதன் விளைவாக ஊர்தோறும் காட்டுப் பாதைகளில் கம்பிகளும் கட்டைகளும் நட்டார்கள். பல இடங்களில் இன்றும் இருக்கின்றன. புது ஊருக்குப் போனதும் பக்கத்து வீட்டாரிடம் இந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் போதும். முழுதாக ஏற முடியாதவர்கள் கம்பியில் வெறுமனே தொங்கலாம். முட்டுக் கொடுத்து மேலே போய், மெதுவாக இறங்கலாம். பூங்காவின் ஓரத்திலேயே கணேசர் கோயில் இருக்கிறது. அங்கே முறையாகப் போடும் தோப்புக்கரணமும் பஸ்கிதான்.

நடப்பதற்கு, கொஞ்ச தூரத்தில் டெம்பல்ஹோஃப். 2008-இல் மூடிய விமான நிலையத்தை 2010-இல் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். 300 ஹெக்டேருக்கு மேல் வெட்டவெளி. ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளமுள்ள ஓடுபாதையில் வண்டி, சிக்னல் எதுவும் குறுக்கிடாமல் நடக்கலாம். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும், இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது 2020-இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டல். அந்த 150-ஐ இங்கே எளிதாகத் தேற்றிவிடலாம், குளிர்காலம் வரும் வரை. டிசம்பர் கடைசியில் பெர்லினில் காலை 8 மணிக்கு மேல்தான் விடியும். மாலை 4 மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். வேலை முடிந்து நடக்கலாம் என்று வைத்தால் நடக்கவே மாட்டோம். மதிய உணவு இடைவேளையில் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். நம் நிறத்துக்கு அந்தச் சாய்ந்த வெயிலில் வைட்டமின் டி கிடைக்காது. அதை மருத்துவரிடம் கேட்டுப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

புதிதாக வருகிற பலருக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. ஜெர்மனியின் பொது மருத்துவக் காப்பீட்டு அமைப்புகள், அங்கீகாரம் பெற்ற யோகா, முதுகுப் பயிற்சி போன்ற வகுப்புகளின் கட்டணத்தில் பெரும் பகுதியைத் திருப்பித் தருகின்றன. பொதுவாக ஆண்டுக்கு இரண்டு வகுப்புகள் வரை. முதலில் நாம் கட்ட வேண்டும். பெரும்பாலான நாட்கள் வந்ததற்கான சான்றிதழை அனுப்பினால் பணம் கணக்குக்கு வரும். மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் தொகையிலிருந்து வருவதுதான் இது, விடக்கூடாது.

என் கவலை இப்போது அம்மாவைப் பற்றி. பேரனைப் பார்க்க வந்து மூன்று மாதம் எங்களோடு இருக்கிறார். ஊரில் வாசல் தெளிப்பது, கடைக்குப் போவது, கோயிலுக்குப் போவது என்று நாள் முழுக்க நடமாடியவர். இங்கே சோபாவிலேயே நாள் போய்விடுகிறது. நான் சொன்ன ஆய்வில் 60 கடந்தவர்களுக்கு வாரம் ஒரு நாள் பயிற்சியில் வலு ஓரளவு நின்றது. தசையின் அளவு நிற்கவில்லை, குறைந்துகொண்டே போனது. அவர்கள் விட்டால் இளையவர்களைப் போல மீட்டெடுப்பது கடினம். அதனால் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள். கையில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்கிறேன். முதலில் ஐந்து, பிறகு எட்டு. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலை உயர்த்துவது.

"முட்டி பிடிக்குது கண்ணு, இன்னைக்கு விட்டுரலாம்" என்பார். அன்றைக்கு உயரமான நாற்காலியாக மாற்றிப் போடுவேன். இருக்கை உயர்ந்தால் முட்டிக்குப் பாரம் குறையும். விடுவதில்லை. இரண்டு நாளாகப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்குகிறார். பிடித்துக்கொண்டே இறங்குங்கம்மா என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.