களஞ்சியத்தில் ஒரு போராட்டம்



விளைந்த தானியம் களஞ்சியம் சேர்ந்ததும் கவலை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். தானியத் துளைப்பான், செந்நிற மாவு வண்டு, கூன்வண்டு ஆகிய பகைவர்கள் அங்கேதான் தம் வேலையைத் தொடங்குகின்றன. பெரிய கிடங்குகளில் இவற்றை ஒழிக்கப் பயன்படுவது பாஸ்பீன் என்னும் நச்சுவாயு. அலுமினியம் பாஸ்பைடு வில்லைகளில் காற்றின் ஈரம் படும்போது இவ்வாயு வெளிப்படும். முன்பு பெரிதும் வழங்கிய மெதில் புரோமைடு ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சில விலக்குகள் நீங்கலாக, கைவிடப்பட்டது. ஆகவே பாஸ்பீனின் பொறுப்பு மிகுந்தது.

ஆனால் அவ்வாயுவுக்கும் அடங்காத பூச்சிகள் தோன்றியுள்ளன. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1972-73இல் நடத்திய உலக ஆய்விலேயே, சோதித்த பூச்சிக் கூட்டங்களுள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கில் எதிர்ப்புத்திறன் காணப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் வங்காளதேசக் கிடங்குகளில் இக்குறை கடுமையாகத் தலைகாட்டியது.

இது எவ்வாறு நேர்கிறது? "பூச்சி நஞ்சுக்குப் பழகிவிடுகிறது, ஐயா" என்று மாணவர் பலர் என்னிடம் விடை கூறியதுண்டு. அது சரியன்று. தனிப்பூச்சி எதுவும் பழகுவதில்லை. கூட்டத்தில் ஒரு சில, பிறவியிலேயே தாங்கும் மரபணுவோடு இருக்கின்றன. மற்றவை மடிய, அவை எஞ்சிப் பெருகுகின்றன. உயிரணுவின் ஆற்றல் உற்பத்தியில் பங்குகொள்ளும் ஒரு நொதியின் மரபணு இதற்குக் காரணங்களுள் ஒன்று என்று 2012இல் அறிவியலார் கண்டறிந்தனர்.

அப்படியாயின், எதிர்ப்பை வளர்ப்பது எது? அரைகுறை வேலையே. கிழிந்த உறை வழியே வாயு கசிந்தால், வலியவை பிழைக்கின்றன. முட்டையும் கூட்டுப்புழுவும் நஞ்சை அதிகம் தாங்குவன. அவை வளர்ந்து, தாங்கமாட்டாத பருவத்தை எய்தும்வரை, வாயு பல நாட்கள் குறையாது நிற்கவேண்டும். ஒரே நாளில் மிகுதியாக இடுவதைவிட, போதிய அளவை நெடுநேரம் நிலைநிறுத்துவதே பயன் தரும்.

ஆதலின் மேற்கொள்ள வேண்டிய முறைகள் தெளிவானவை. தானியத்தை நன்கு உலர்த்துக. கிடங்கின் மூலைகளில் சிதறிய பழைய மணிகளை அகற்றுக. காற்றுப்புகாமல் மூடி, வாயுவின் அளவைக் கருவியால் அளந்தறிக. பூச்சிகளை அவ்வப்போது சோதித்து, எதிர்ப்புக் காணின் வேறு வாயுவுக்கு மாறுக. ஆஸ்திரேலியாவில் சல்புரில் புளோரைடு அவ்வாறு பயன்படுகிறது.

ஓர் எச்சரிக்கை: பாஸ்பீன் மனிதரையும் கொல்லும். பயிற்சி பெற்றவர் மட்டுமே அதைக் கையாளவேண்டும். வீட்டில் அதற்கு இடமில்லை. வீட்டுக் குதிருக்கு வெயிலும் தூய்மையும் இறுகிய மூடியுமே காவல்.