‘உங்களுக்காக ஜெபிக்கிறேன்’ என்று சொன்ன பிறகு…

ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆலய வளாகத்தில் தேநீரும் பலகாரமுமாக நின்று பேசும் அந்தக் கால் மணி நேரத்தில் அதிகம் காதில் விழும் வாசகம், “உங்களுக்காக ஜெபித்துக்கொள்கிறேன்” என்பதுதான். சொல்பவர் மனமறிந்து பொய் சொல்வதில்லை. ஆனால், வீடு போய்ச் சேர்வதற்குள் அந்த வாக்கு பெரும்பாலும் நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. கேட்டுக்கொண்டவர் மறப்பதில்லை. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவரும், மகனுக்கு வேலை கிடைக்கக் காத்திருக்கும் தாயும், தங்களுக்காகச் சிலர் மன்றாடுகிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்த வாரத்தைக் கடத்துகிறார்கள்.

இதில் எளிதாக விடுபட்டுப் போகிறவர்கள் ஊழியர்கள். போதகர், பங்குத் தந்தை, ஞாயிறு பள்ளி ஆசிரியை, மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளைப் பார்த்து வருபவர், முதியோரை வேனில் ஏற்றிக்கொண்டு ஆலயத்துக்கு வருபவர் என எல்லாருமே இதில் அடக்கம். மற்றவர்களுக்காக ஜெபிப்பது இவர்களுடைய வேலை என்று சபையார் எண்ணிக்கொள்கிறார்கள். இவர்களுக்காக யார் ஜெபிப்பது என்ற கேள்வி அதிகம் எழுவதில்லை.

மன்றும் பரிவும்

பிறருக்காகச் செய்யும் ஜெபத்தைச் சீர்திருத்தத் திருச்சபையினர் ‘மன்றாட்டு ஜெபம்’ என்றும் ‘பரிந்துரை ஜெபம்’ என்றும் சொல்வார்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் இதற்கென்றே ‘விசுவாசிகள் மன்றாட்டு’ என்ற பகுதி உண்டு. நெடுங்காலம் வழக்கொழிந்திருந்த அந்தப் பகுதியை 1960களில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் மீண்டும் கொண்டுவந்தது.

தமிழ் படித்தவர்களுக்கு இவ்விரு சொற்களும் சுவையானவை. மன்று என்பது ஊர் கூடும் அவை, வழக்குத் தீர்க்கும் இடம். அங்கே நின்று முறையிடுவது மன்றாடுதல். பரிதல் என்றால் இரங்குதல், மனம் வருந்துதல். ஒருவருக்காக மனம் நொந்து, அவர் சார்பில் அவையில் எழுந்து நின்று பேசுவது என்ற பொருள் இச்சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. (இன்று ‘பரிந்துரை’ என்றதும் வேலைக்கான சிபாரிசுக் கடிதம் நினைவுக்கு வருவது வேறு கதை.)

விவிலியத்தில் ஆபிரகாம் செய்வதும் இதைத்தான். சோதோம் நகருக்காக 50 நீதிமான்களில் தொடங்கி 10 பேர் வரை கடவுளிடம் பேரம் பேசுகிறார். சாமுவேலின் நிலை இன்னும் சங்கடமானது. மக்கள் எங்களுக்கு ஓர் அரசன் வேண்டும் என்று கேட்டு அவரை ஒதுக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகும், அவர்களுக்காக ஜெபிப்பதை நிறுத்திவிட்டால் அது தன்னுடைய பாவமாகிவிடும் என்கிறார்.

ஊழியர்களுக்காக எப்படி ஜெபிப்பது என்பதை அறிய விரும்புவோர் பவுலின் கடிதங்களைப் பார்க்கலாம். எபேசியருக்கு எழுதும்போது அவர் விலங்கிடப்பட்ட கைதி. ஆனாலும் விடுதலைக்காக ஜெபியுங்கள் என்று அங்கே கேட்கவில்லை. வாய் திறக்கும்போது தயங்காமல் பேசத் தனக்குச் சொல் கிடைக்கவேண்டும் என்று கேட்கிறார். ரோமருக்கு எழுதிய கடிதத்தில் அவர் கேட்பது வேறு. யூதேயாவில் தன்னை எதிர்ப்பவர்களிடமிருந்து தப்பவேண்டும். எருசலேமுக்குக் கொண்டுபோகும் உதவியை அங்குள்ளவர்கள் மனமுவந்து ஏற்கவேண்டும். பின்னர் மகிழ்ச்சியோடு ரோமுக்கு வந்து சேரவேண்டும். பயணத் திட்டத்தையே ஜெபக்குறிப்பாக அனுப்பியிருக்கிறார். ‘எல்லா ஊழியர்களையும் ஆசீர்வதியும்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும் நம் காலத்து வழக்கத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம்.

தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்கள்

தெரியாத ஒருவருக்காகத் தொடர்ந்து ஜெபிக்க முடியாது. அவரைப் பற்றிய செய்தி வந்துகொண்டே இருக்கவேண்டும். இதற்குத் தமிழ் மண்ணோடு தொடர்புடைய பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு.

1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவரும் உடனிருந்தவர்களும் எழுதிய கடிதங்களை ஜெர்மனியின் ஹாலே நகரில் 1710 முதல் அச்சிட்டு வெளியிட்டார்கள். கப்பலில் மாதக்கணக்கில் பயணப்பட்டுப் போன செய்திகள் அவை. தமிழ்நாட்டு வெயில், மொழி படித்த பாடு, பள்ளிப் பிள்ளைகள், நோய், சண்டை சச்சரவு எல்லாம் அவற்றில் இருந்தன. படித்தவர்கள் முன்பின் பார்த்திராத அந்த ஊருக்காக ஜெபித்தார்கள், பணமும் அனுப்பினார்கள். தமிழ் எழுத்து அச்சுகள் ஹாலேயிலிருந்து வந்தன. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. 1733இல் ஆரோன் என்ற தமிழர் போதகராக அருட்பொழிவு பெற்றார். பிற்காலத்தில் மலாயாவுக்குக் குடிபெயர்ந்து வந்த தமிழ் லுத்தரன் குடும்பங்களின் வேர் அந்தத் தரங்கம்பாடியில்தான் இருக்கிறது.

ஹாலேயில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களில் ஒருவர் சின்சென்டார்ஃப் பிரபு. அவருடைய நிலத்தில் அகதிகள் குடியேறி உருவான ஊர் ஹெர்ன்ஹூட். அங்கே 1727 ஆகஸ்டில் 24 ஆண்களும் 24 பெண்களும், நாளின் ஒவ்வொரு மணி நேரத்தையும் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு ஜெபிக்க உடன்பட்டார்கள். ஆள் மாறி ஆள் தொடர்ந்து, நூறு ஆண்டுகளுக்கு மேல் அது நின்றதாகப் பதிவு உண்டு. ‘நூறாண்டு’ என்பதைக் கேட்டு மலைத்துவிடுகிறோம். ஆனால் ஒருவருக்கு விழுந்த பங்கு ஒரு மணி நேரம் மட்டுமே. ஐந்து ஆண்டுகளில், 1732இல், அந்தச் சிற்றூர் தன் முதல் ஊழியர்களைக் கரீபியத் தீவில் அடிமைகளாக இருந்த மக்களிடம் அனுப்பி வைத்தது.

இன்னொரு பக்கம், மடத்தை விட்டு வெளியே வராமலே இதைச் செய்தவர் குழந்தை இயேசுவின் புனித தெரேசா. மிஷனரிகளாக இருவர் அவருக்கு ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் பாரிஸ் மறைபரப்புச் சபையைச் சேர்ந்து சீனாவுக்குச் சென்றவர். அவர்களுக்கு எழுதிய கடிதங்களில் தெரேசா தன் நோயையும் மறைக்காமல் சொன்னார். 1897இல், 24 வயதில் காசநோயால் இறந்தார். மறைபரப்புக்காக எங்கும் பயணம் போகாத அவரை 1927இல் மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலியாகத் திருத்தந்தை அறிவித்தார். சிங்கப்பூர் ஓஃபிர் சாலையில் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்த லூர்து அன்னை ஆலயமும் அதே பாரிஸ் சபைக் குருக்களின் முயற்சிதான்.

பழக்கமாவது எப்போது?

வரலாறு இருக்கட்டும். ஷிப்ட் வேலைக்கும் பிள்ளைகளின் டியூஷனுக்கும் நடுவே நமக்கு நேரம் எங்கே என்பதுதான் பலரின் கேள்வி.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். அது ஜெபத்தைப் பற்றியது அன்று. உணவு, உடற்பயிற்சி போன்ற அன்றாடச் செயல்களைப் பற்றியது. ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. எனவே ஒரு வாரத்தில் பிடிபடவில்லை என்று மனம் தளர வேண்டியதில்லை. நடுவே ஒரு நாள் தவறிப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஒரு நாள் விட்டுவிட்டால் குற்ற உணர்ச்சியில் ஒரு மாதமே விட்டுவிடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் புதிய செயலை, ஏற்கெனவே நாள்தோறும் செய்துவந்த ஒன்றோடு இணைத்தார்கள். காலைச் சிற்றுண்டிக்குப் பின் என்பதுபோல. ஜெபத்துக்கும் அது பொருந்தும். ஜொகூர் பாருவிலிருந்து விடியற்காலையில் கிளம்பிக் கடற்பாலத்தில் வரிசையில் நிற்பவருக்கு அந்த வரிசையே நேரம். வீட்டில் விளக்கேற்றும் பொழுது, கடையடைத்துக் கணக்குப் பார்க்கும் பொழுது, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் பொழுது என ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். ‘நேரம் கிடைக்கும்போது’ என்று விட்டால் அது கிடைப்பதே இல்லை.

பெயர்களின் எண்ணிக்கையைக் குறைவாக வைப்பது நல்லது. ஆர்வத்தில் 40 பெயரை எழுதித் தொடங்குபவர், இரண்டாம் வாரத்தில் பெயர்களை வாசித்து முடிக்கும் எந்திரமாகிவிடுகிறார். திங்கட்கிழமை போதகரும் அவர் குடும்பமும், செவ்வாய் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் என்று கிழமைக்கு ஒரு பிரிவாக வைத்தால் நாளுக்கு இரண்டு மூன்று பெயர்தான் வரும். நோட்டுப் புத்தகம் ஒன்றில் தேதி, பெயர், கேட்டுக்கொண்ட காரியம், பின்னால் என்ன ஆயிற்று என்று எழுதிவைப்பது பழைய முறை. கைப்பேசியைவிட அது மேல் என்பது என் எண்ணம். ஜெபிக்கக் கைப்பேசியைத் திறப்பவர் எங்கே போய் முடிவார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

போதகரின் மனைவியை, பிள்ளைகளை மறக்கவேண்டாம். ஐந்தாறு ஆண்டுகளில் இடமாற்றம், புதிய பள்ளி, எப்போதும் சபையார் கண்முன் வளரும் வாழ்க்கை. இதையெல்லாம் அவர்கள் மேடையில் நின்று ஜெபக்குறிப்பாகச் சொல்லமாட்டார்கள்.

ஜெபக்குறிப்பா, செய்தியா?

புலனக் குழுக்கள் வந்த பிறகு ஜெபக்குறிப்பு ஒரு நொடியில் இருநூறு பேரைச் சென்றடைகிறது. ‘ஆமென்’ என்றோ கைகூப்பும் படத்தையோ போட்டுவிட்டுக் கடந்துபோவது ஒரு குறைதான். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. இன்னாருக்குக் கட்டி இருப்பதாகச் சந்தேகம், இன்னார் வீட்டில் கணவன் மனைவி பிரச்சினை, இன்னார் மகள் விஷயம் என்று, ‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்ற பெயரில் வீட்டு ரகசியங்கள் ஊர்ச் செய்தியாகிவிடுகின்றன. நம்முடையது சிறிய சமூகம். பெயர் சொல்லாவிட்டாலும் தாமானைச் சொன்னால் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒருமுறை அப்படிப் பட்டவர் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார். சபைக்கு வருவதையே நிறுத்திக்கொள்ளவும் கூடும். அவர் சம்மதமின்றி எதையும் பகிரக்கூடாது. பகிர்ந்தாலும் எவ்வளவு சொல்லலாம் என்பதை அவரே முடிவு செய்யட்டும். விவரம் முழுவதும் தெரிந்தால்தான் ஜெபிக்கமுடியும் என்று யாராவது வற்புறுத்தினால் அங்கே ஆவல்தான் பேசுகிறது.

மருந்துக்கு மாற்று அல்ல

இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சுமார் 1,800 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. முன்பின் அறியாதவர்கள் அவர்களில் ஒரு பகுதியினருக்காக ஜெபித்தார்கள். உடல்நலனில் அதனால் பயன் தெரியவில்லை. தங்களுக்காக ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களிடையே சிக்கல்கள் சற்று அதிகமாகவே இருந்தன: 59 விழுக்காடு; ஜெபிக்கப்பட்டும் அது உறுதியாகத் தெரியாதவர்களிடையே 52 விழுக்காடு. ஜெபத்தை இப்படி அளக்கமுடியுமா என்று விசுவாசிகள் கேட்கலாம். அது நியாயமான கேள்விதான். ஆனால், ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை வேண்டாம் என்று நோயாளியிடம் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

உலக ஜெப தினத்தை முன்னெடுக்கும் கிறிஸ்தவப் பெண்கள் இதை வேறு விதமாகக் கையாள்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் முதல் வெள்ளிக்கிழமை நடைபெறும் அதன் வழிபாட்டு முறையை ஒரு நாட்டுப் பெண்கள் எழுதுவார்கள். 2012இல் அந்தப் பொறுப்பு மலேசியப் பெண்களிடம் வந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் நீதி. அறிந்துகொண்டு ஜெபிப்பது, ஜெபத்தோடு செயல்படுவது என்பதே அந்த அமைப்பின் நோக்கம். அந்த நாட்டைப் பற்றி முதலில் படிக்கிறார்கள், பிறகு ஜெபிக்கிறார்கள், பிறகு காணிக்கை எடுத்து அனுப்புகிறார்கள்.

உள்ளூர் ஊழியர் விஷயத்திலும் வரிசை அதுவே. இந்த மாதம் எதற்காக ஜெபிக்கட்டும் என்று அவரிடமே நேரில் கேட்கலாம். முதல் முறை ‘எல்லாம் நலம்’ என்றுதான் பதில் வரும். அடுத்த மாதமும் கேட்டு, முன்பு அவர் சொன்ன ஏதேனும் ஒன்று என்னவாயிற்று என்று நினைவு வைத்து விசாரித்தால், மூன்றாவது முறை உண்மையைச் சொல்வார்.