செத்தால் திரும்ப முளைக்காத செல்

சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்து தேறி, படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்திய பலருக்கு ஐம்பது வயதை நெருங்கும்போது புதிதாக ஒரு தொல்லை வருகிறது. இத்தனை காலம் தாங்கிய கால் துவள்கிறது. நான்கு படி ஏறினால் அசந்துபோகிறார்கள். நன்றாக இருந்த மறுகாலிலும் வலு குறைகிறது. போலியோ திரும்பிவிட்டதோ என்று பயப்படுகிறார்கள். வைரஸ் திரும்பவில்லை. அன்று பிழைத்துக்கொண்ட நரம்பணுக்கள் பல பத்தாண்டுகள் அளவுக்கு மீறி உழைத்துத் தளர்ந்துவிட்டன என்பதே நரம்பியலாளர்கள் பலரும் ஏற்கும் விளக்கம்.

தசையை அசைக்கும் இந்த நரம்பணுக்களுக்கு மோட்டார் நியூரான் என்று பெயர். தமிழில் இயக்க நரம்பணு என்கிறோம். மருத்துவர்கள் இவற்றை இரண்டு நிலைகளாகப் பிரித்துப் பேசுவார்கள். பெருமூளைப் புறணியில் கிளம்பி மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் இறங்கி வருபவை மேல் நிலை. அங்கே இருந்துகொண்டு தசையை நேரடியாகத் தொடுபவை கீழ் நிலை. மேல் நிலை பழுதானால் தசை விறைக்கும். முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் வழக்கத்தைவிட வேகமாகத் துள்ளும். கீழ் நிலை பழுதானால் தசை தொய்ந்து சூம்பும். தட்டினாலும் கால் அசையாது. ஸ்கேன் எடுக்கும் முன்பே, கையிலுள்ள ரப்பர் சுத்தியலைக் கொண்டே கோளாறு எந்த நிலையில் என்பதை நரம்பியல் மருத்துவர் பெரும்பாலும் ஊகித்துவிடுவார்.

போலியோ வைரஸ் தாக்குவது கீழ் நிலையை. பாதத்துத் தசைக்குப் போகும் நரம்பணுவின் உடல் முதுகில், தண்டுவடத்துக்குள் இருக்கிறது. அதன் ஆக்ஸான் என்ற இழை அங்கிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் நீண்டு பாதத்தை அடைகிறது. இழையின் நுனியில் அசெட்டைல்கோலின் சுரந்தால்தான் தசைநார் சுருங்கும். இங்கிலாந்தின் உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன், 1906-ல் வெளிவந்த தம் நூலில், இந்த நரம்பணுவை 'இறுதிப் பொதுப் பாதை' என்றார். மூளையில் எழுவது யோசனையோ, பயமோ, பழக்கமோ, கை கால் தசைகளுக்கு அது போய்ச்சேர இதைத் தவிர வழியில்லை.

ஒரு நரம்பணு நுனியில் கிளைவிட்டுப் பல தசைநார்களைப் பிடித்திருக்கும். கண்ணைத் திருப்பும் தசையில் ஒரு நரம்பணுவின் பொறுப்பில் சுமார் 10 தசைநார்கள்தான். கெண்டைக்கால் தசையில் 1,000-க்கும் மேல். பார்வைக்கு நுட்பம் வேண்டும், காலுக்கு பலம் வேண்டும். வேலைக்கு வரும் வரிசையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. சிறிய நரம்பணுக்கள் முதலில் இயங்கும், பாரம் கூடக் கூடப் பெரியவை சேர்ந்துகொள்ளும் என்று அமெரிக்காவின் எல்வுட் ஹென்னமன் 1950, 60-களில் காட்டினார். காப்பி டம்ளரை எடுக்கும்போது சிறியவை போதும். நிறைகுடத்தைத் தூக்கும்போது பெரியவையும் வந்தாக வேண்டும். டம்ளரை எடுக்கும் கை அதை நசுக்கிவிடாமல் இருப்பதில் இந்த வரிசைக்குப் பெரிய பங்கு உண்டு. உடலைப் பற்றி நாம் அறிந்துகொண்டவற்றில் இவ்வளவு எளிமையான, இவ்வளவு அழகான விதிகள் அதிகம் இல்லை.

செத்துப்போன இயக்க நரம்பணு மறுபடி முளைப்பதில்லை. ஆனால் அது விட்டுச்சென்ற தசைநார்கள் எல்லாம் உடனே வீணாகிவிடுவதும் இல்லை. பக்கத்தில் பிழைத்திருக்கும் நரம்பணு புதுக் கிளை விட்டு அவற்றைத் தத்தெடுத்துக்கொள்கிறது. போலியோ வந்த குழந்தை சில மாதங்களில் மெல்ல எழுந்து நடந்தது பெரிதும் இதனால்தான். தன் பங்கைப் போலப் பல மடங்கு சுமந்த அந்த நரம்பணு, பத்தாண்டுகள் பல கழிந்தபின் கிளைகளை ஒவ்வொன்றாக இழக்கிறது. ஆகவே இந்த நிலையில் இருப்பவர்கள் விடாப்பிடியாகக் கடும் உடற்பயிற்சி செய்வது கெடுதல்; மருத்துவர் அளந்து சொல்லும் பயிற்சியும் ஓய்வும்தான் பொருந்தும்.

இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் கடைசியாகப் பாதிக்கப்பட்டது மேற்கு வங்கத்து ஹவுராவில் ஒரு குழந்தை, 2011 ஜனவரியில். சொட்டு மருந்து கோடிக்கணக்கான குழந்தைகளின் நரம்பணுக்களைக் காத்தது. தொற்றால் வராத நோய்களோ தொடர்கின்றன. ஸ்டீபன் ஹாக்கிங்கால் உலகறிந்த ஏ.எல்.எஸ். இரு நிலைகளையும் அரிக்கும். நம் ஊரின் பெயரால் 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே ஒன்று உண்டு. சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970-ல் இதை விவரித்தார்கள். இளம் வயதில் தொடங்கும்; கை கால் மெலியும்; முகத்தசையும் விழுங்கும் தசையும் தளரும்; கூடவே காது மந்தமாகும். ஆனால் ஏ.எல்.எஸ். போல விரைந்து முற்றுவதில்லை. நோயாளியிடம் பெயரைச் சொல்லி விளக்கும் மருத்துவர் இந்த வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். 'மோட்டார் நியூரான் நோய்' என்று மட்டும் கேட்டு வீடு திரும்பும் குடும்பம் தேவையில்லாமல் நொறுங்கிப்போகும்.

குழந்தைகளைத் தாக்கும் எஸ்.எம்.ஏ. நோயில்தான் இப்போது கதை மாறியிருக்கிறது. எஸ்.எம்.என்.1 என்ற மரபணு பழுதானால் இயக்க நரம்பணுக்கள் மடிகின்றன என்று 1995-ல் கண்டறிந்தார்கள். 2016-ல் நுசினெர்சென், 2019-ல் மரபணுச் சிகிச்சை ஊசி, 2020-ல் வாய்வழி மருந்து ரிஸ்டிப்ளாம் ஆகியவற்றுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. 16 கோடி ரூபாய் ஊசி என்று நம் நாளிதழ்கள் எழுதியது அந்த மரபணுச் சிகிச்சையைத்தான். இந்த மருந்துகள் மடிந்த நரம்பணுவை மீட்பதில்லை, மிச்சமிருப்பதைக் காக்கின்றன. அறிகுறி தெரியும் முன்பே மருந்து பெற்ற குழந்தைகள் பலர் நடக்கிறார்கள்.

அதனால் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். குழந்தை கால்களை உதைத்து விளையாடாமல் கிடந்தாலோ, தலை நிற்க வேண்டிய மாதங்கள் கடந்தும் நிற்காவிட்டாலோ, தூக்கும்போது உடல் தொய்ந்து போனாலோ, போகப்போகச் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். குழந்தை நல மருத்துவரிடம் காட்டி, தேவையென்றால் மரபணு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். குடும்பத்தில் ஏற்கெனவே எஸ்.எம்.ஏ. இருந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு முன்பே மரபணு ஆலோசனை பெறுங்கள்.