பக்தபூரில் ஒரு சனிக்கிழமை

பாஸ்போர்ட்கூட வேண்டாம், வாக்காளர் அட்டை போதும் என்று சொன்னார்கள். அதனால்தான் எனக்கு நேபாளம் போகும் தைரியமே வந்தது. 2018ஆம் வருஷம். என் கணவர் காலமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. பையன் காலேஜ் ஹாஸ்டலில். வீட்டில் நானும் மாமியாரும்தான். "பதினஞ்சு நாள்தானே, போய்ட்டு வா. இந்த நாலு சுவரையே எத்தனை நாள் பார்த்துக்கிட்டிருப்பே?" என்று பரண் மேலிருந்த பெட்டியை இறக்கச் சொன்னதே அவர்தான்.

எங்கள் ஊரிலிருந்து ஐந்து பெண்கள் தொண்டர்களாகப் போனோம். பூகம்பத்தில் இடிந்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில், பெரிய பெண்களுக்குத் துணி நாப்கின் தைக்கச் சொல்லித் தர வேண்டும். எனக்குத் தையல் வரும். ராஷ்ட்ரபாஷா வரை படித்த இந்தியும் கைகொடுத்தது. தகரக் கொட்டகையில் இரண்டே மெஷின். "துவைத்ததும் துணிக்கு அடியில் மறைத்துப் போடாதீர்கள், நல்ல வெயிலில் உலர்த்துங்கள்" என்று தினமும் சொல்லி வாய் வலித்தது. வெட்கம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது!

அங்கே வார விடுமுறை சனிக்கிழமை. 2015 ஏப்ரல் 25ஆம் தேதி பூமி அதிர்ந்ததும் ஒரு சனிக்கிழமை மதியத்தில்தான். பள்ளிக்கூடம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த டீச்சர் சொல்லும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்படியும் சுமார் 9,000 பேர் போய்விட்டார்கள்.

அந்த விடுமுறையில்தான் பக்தபூர் பார்க்கப் போனோம். காத்மாண்டுவிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர். மல்ல ராஜாக்கள் ஆண்ட ஊர். தெருவெல்லாம் செங்கல் பாவியிருக்கிறது. ஜன்னல்களில் மரத்தையா செதுக்கியிருக்கிறார்கள், லேஸ் பின்னியிருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அரண்மனையில் மட்டும் 55 ஜன்னல்கள்! 1702இல் பூபதீந்திர மல்லர் கட்டிய நியாதபோல கோயில் ஐந்து அடுக்கு. படியின் இரண்டு பக்கமும் கீழே மல்லர்கள், அவர்களுக்கு மேலே யானை, சிங்கம் என்று காவல் நிற்கிறது. மேலே போகப் போக ஒன்றைவிட இன்னொன்றுக்குப் பத்து மடங்கு பலமாம். 2015இல் அது பெரிய சேதமில்லாமல் தப்பியது. சதுக்கத்தில் இருந்த வத்சலா தேவியின் கற்கோயில் சரிந்துவிட்டது. பிற்பாடு அதைத் திரும்ப எழுப்பிவிட்டார்கள்.

மற்றவர்கள் போட்டோ எடுக்கப் போய்விட்டார்கள். எனக்கு முழங்கால் வலி. குயவர்கள் சட்டி பானைகளை வெயிலில் காயவைத்திருக்கும் சதுக்கத்தின் ஓரமாக, ஒரு பாட்டியம்மாவின் தயிர்க்கடையில் உட்கார்ந்துவிட்டேன். சிவப்புக் கரை போட்ட கறுப்புப் புடவை, வாய் நிறையச் சிரிப்பு. ஜூஜு தௌ என்றால் ராஜா தயிர் என்று அர்த்தமாம். எருமைப் பாலைச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, உறை ஊற்றி, மண்சட்டியில் விட்டு, உமி மேல் வைத்துக் கம்பளியால் மூடிவிடுகிறார்கள். தண்ணீரைச் சட்டியே உறிஞ்சிக்கொள்கிறது. தயிரை ஸ்பூனால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்! பக்கத்துக் கடையில் உளுந்தை அரைத்து 'பாரா' சுட்டார்கள். நம் வடையைத் தட்டையாகத் தோசைக்கல்லில் போட்ட மாதிரி. வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

பேச்சுவாக்கில், "வீட்டுக்காரர் வரலியா, பஹினி?" என்று கேட்டார் பாட்டியம்மா. சொன்னேன். ஊரில் என்றால் 'அடடா'வும் ஒரு பெருமூச்சும் வரும். இவரோ தம் பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினார். ஏழெட்டு வயசு இருக்கும். "இவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்றார். திடுக்கிட்டுப் போனேன். மாப்பிள்ளை வில்வக்காயாம்! நேவார் குடும்பங்களில் பெண் பெரியவளாவதற்கு முன் 'இஹி' என்று இந்தக் கல்யாணத்தை நடத்திவிடுவார்களாம். சாகாத தெய்வத்தோடு முதல் கல்யாணம் ஆகிவிடுவதால், பிற்பாடு கட்டிக்கொள்ளும் புருஷன் போனாலும் அவள் விதவை இல்லை. "எனக்கும் அவர் போய்ப் பன்னிரண்டு வருஷமாச்சு" என்று சொல்லிவிட்டு, எதிரே சின்னக் கோயிலில் இருந்த தட்டிலிருந்து சிவப்பை எடுத்து, நான் சுதாரிப்பதற்குள் என் நெற்றியில் அழுத்தி வைத்துவிட்டார்.

சாஸ்திரம் அப்படி இருப்பதால் அங்கே புருஷனை இழந்தவளுக்குக் கஷ்டமே இல்லை என்று நான் நினைக்கவில்லை. காலை நாலு மணிக்கு எழுந்து பால் காய்ச்சுகிறவர் அவர். ஆனாலும், நாலு வருஷமாக நெருங்கிய உறவுக் கல்யாணங்களில்கூடக் குங்குமத் தட்டு என்னைத் தாண்டித் தாண்டிப் போனதைப் பார்த்தவள் நான். அழிக்கக் கை போனது. அழிக்கவில்லை. எங்கள் கூட்டத்தார் திரும்பி வந்து பார்த்தார்கள். ஒருத்தியும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு காலிச் சட்டி வாங்கி, விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். போட்டோக்களை மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நெற்றிச் சிவப்போடு நான் இருந்த படத்தில் மட்டும் ரொம்ப நேரம் நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்தச் சட்டியை ஊறப் போடு. பாலை நான் காய்ச்சறேன்" என்றார்.