இளம்பவள அறையில் ஒளிந்த மஞ்சள்

அக்காள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வரப்போகிறார் என்று தெரிந்ததும் அம்மா போட்ட முதல் உத்தரவு, பின்னறைக்குப் புதுச் சாயம் அடிக்க வேண்டும் என்பதுதான். ஜாசின் பக்கம் எங்கள் வீடு. பின்னறைக்கு ஒரே ஒரு சன்னல். அதற்கு வெளியே செம்பனை மரங்கள். சாயக்கடையில் கொடுத்த வண்ண அட்டையைப் புரட்டி அம்மா விரல் வைத்த இடம் இளம்பவள நிறம். "பிள்ளை முகம் பார்க்க அழகா இருக்கும்" என்றார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளில் நானே அடித்து முடித்தேன். அட்டையில் வெளிறிய ரோசாவாகத் தெரிந்த நிறம், நான்கு சுவரிலும் ஏறிய பிறகு சிராப் பண்டோங் மாதிரி இருந்தது. கடைக்காரர் வேறு டின்னைக் கொடுத்துவிட்டாரோ என்று மூடியைத் திருப்பி எண்ணைப் பார்த்தேன். சரியான டின்தான்.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள் கிளினிக்கிலிருந்து தாதி வந்தார். நம் நாட்டில் பிரசவமான வீடுகளுக்கு அரசாங்க கிளினிக் தாதியர் நேரில் வந்து பார்ப்பது மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். அறைக்குள் வந்தவர் சுவரை ஒருமுறை பார்த்தார். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக அஞ்சடிக்குப் போய்விட்டார். வெளிச்சத்தில் நின்று, நெற்றியில் விரலால் மெல்ல அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் மஞ்சளாக இருந்தது. ஈறும் கண்ணின் வெள்ளையும் அப்படியே.

"மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினோம், மிஸ்ஸி. அதுவா இருக்கும்" என்றார் பாட்டி.

"கண்ணுக்குள்ள மஞ்சள் பூச முடியாது, பாட்டி. இன்னைக்கே கொண்டு போங்க" என்றார் தாதி.

இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குழந்தை இரண்டு நாள் மருத்துவமனையில் நீல விளக்கின் கீழ் இருந்து நலமாகத் திரும்பியது. அதுவரை அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியவர்களில் அறிவியல் ஆசிரியர் நான் ஒருவன்தான். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்பதற்கான விடை படிவம் ஒன்று அறிவியல் நூலின் ஒளி பாடத்திலேயே இருக்கிறது.

பவளம் என்றால் நமக்கு மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் கல்தான் நினைவுக்கு வரும். சாயக்கடையின் இளம்பவளம் வேறு. டின்னில் பெரும்பங்கு டைட்டானியம் டைஆக்சைடு என்னும் வெள்ளைத் தூள். அதில் சிவப்பும் ஆரஞ்சும் கொஞ்சமாகக் கலந்திருக்கும். வெள்ளைத் தூள் எல்லா நிற ஒளியையும் திருப்பி அனுப்புகிறது. அந்தச் சிறிதளவு சிவப்பு வண்ணத்தூளோ நீல ஒளியை அதிகமாகவும் பச்சை ஒளியை ஓரளவும் விழுங்கிவிடுகிறது.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். சுவரில் விழும் சிவப்பு ஒளியில் நூற்றுக்கு 90 பங்கு திரும்புகிறது, நீலத்தில் 65 பங்கு திரும்புகிறது. வண்ண அட்டையைக் கையில் பிடித்துப் பார்க்கும்போது ஒளி ஒருமுறைதான் பட்டுத் திரும்புகிறது. ஆகவே கண்ணுக்கு வருவது 90-க்கு 65. இது வெளிறிய நிறம். அறைக்குள் நடப்பது அப்படியல்ல. ஒரு சுவரில் பட்ட ஒளி எதிர்ச் சுவருக்குப் போகிறது, அங்கிருந்து மூலைக்குப் போகிறது. இரண்டாம் முறை பட்டுத் திரும்பும்போது சிவப்பு 81, நீலம் 42. மூன்றாம் முறை சிவப்பு 73, நீலம் 27. கால்குலேட்டரில் 0.9-ஐயும் 0.65-ஐயும் தனித்தனியே மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். அட்டையில் வெளிறியிருந்தது அறையில் சிராப் பண்டோங் ஆனது இப்படித்தான். கடைக்காரரைச் சந்தேகித்தது தப்பு.

மலாக்கா நகரில் ஸ்டாடைஸ் கட்டடத்தின் சிவப்புச் சுவரை ஒட்டி, வெயில் நேரத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்று பாருங்கள். சுவர்ப் பக்கம் இருக்கும் கை சிவந்து தெரியும். சுவரில் பட்ட ஒளி சட்டையில் வந்து விழுகிறது. பெரிய சதுக்கத்தில் நிற்கும்போதே இவ்வளவு என்றால், நான்கு பக்கமும் அடைத்த சிறிய அறையில் எவ்வளவு இருக்கும்!

இனி குழந்தையின் தோலுக்கு வருவோம். பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அதை வேகமாக அகற்றும் திறன் இன்னும் வந்திருக்காது. அதனால் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் கொஞ்சமாவது மஞ்சள் தெரியும். பெரும்பாலும் தானாகவே போய்விடும். அளவு மிகவும் ஏறிவிட்டால் மூளையைக் கெடுத்துவிடும். பிறகு சரிசெய்ய முடியாது. தாதி அன்றே போகச் சொன்னதன் காரணம் அதுதான்.

பிலிருபின் ஏன் மஞ்சளாகத் தெரிகிறது? அது நீல ஒளியை, குறிப்பாக 460 நானோமீட்டர் அளவிலான ஒளியை, விழுங்குகிறது. வெள்ளை ஒளியில் நீலம் போனால் மிச்சம் மஞ்சள். அப்படியானால் மஞ்சள் படிந்த தோலுக்கும் சாதாரணத் தோலுக்கும் உள்ள வேறுபாடு, நீலம் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதில்தான் இருக்கிறது. எங்கள் பின்னறையிலோ சுவர்களே நீலத்தைத் தின்று தீர்த்துவிட்டன. தொட்டில் இருந்தது சன்னலுக்கு எதிர் மூலையில். அங்கே வந்து சேர்ந்த ஒளியில் நீலமே குறைவு என்றால், எந்தத் தோல் அதை விழுங்கியது, எது விழுங்கவில்லை என்று கண்ணால் எப்படிப் பிரிக்க முடியும்?

நான் செய்த இன்னொரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளை விளக்கு பிள்ளையின் கண்ணை உறுத்தும் என்று, கலிமந்தாங் குழாய் விளக்கைக் கழற்றிவிட்டு 3000 கெல்வின் எல்இடி பல்பு மாட்டினேன். பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் அது நீலம் மிகுந்த வெண்மை; 3000 என்றால் நீலம் குறைந்த இளமஞ்சள் ஒளி. பகலில் சன்னல் வழியே வருவதும் தூய வெள்ளை ஒளி அல்ல. செம்பனை ஓலையில் பட்டுவரும் ஒளியில் சிவப்பும் நீலமும் குறைந்து பச்சைதான் மிஞ்சியிருக்கும்.

இத்தனை இருந்தும் அந்த அறை எங்களுக்குக் கோணலாகப் படவில்லை. ஓர் அறையில் சிறிது நேரம் இருந்தால் மூளை அந்த ஒளியையே வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். கைப்பேசிக் கேமராவும் ஒளியைத் தானாகச் சரிக்கட்டும். வாட்சாப்பில் படம் பார்த்த சித்தி "நல்ல கலர், அப்பாவைப் போல" என்று பதில் போட்டார். நம்மைப் போன்ற கருமை கலந்த தோலில் மஞ்சளைக் காண்பது இன்னும் கடினம். அதனால்தான் ஈறையும் கண்ணையும் பார்க்கிறார்கள். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி நூலும் குழந்தையைப் பிரகாசமான வெளிச்சத்தில், முடிந்தால் இயற்கை ஒளியில், பார்க்கச் சொல்கிறது. கண் சொல்வது சந்தேகம் மட்டுமே. அளவைச் சொல்வது கருவியும் இரத்தப் பரிசோதனையும்தான்.

இந்த நோய்க்கு ஒளியே மருந்தாக வந்த கதையும் ஒரு தாதியிடம்தான் தொடங்குகிறது. 1956-இல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற தாதி குழந்தைகளை வெளியே வெயிலுக்குத் தூக்கிப் போவார். துணி மறைத்த இடத்தில் மட்டும் மஞ்சள் மிஞ்சி, வெயில் பட்ட தோல் தெளிந்திருப்பதை மருத்துவர்களிடம் காட்டினார். ஆராய்ச்சிக் கட்டுரை 1958-இல் வெளிவந்தது. நீல ஒளி பிலிருபினின் வடிவத்தை மாற்றுகிறது; மாறியது எளிதில் உடலை விட்டு வெளியேறுகிறது. இதைப் படித்துவிட்டு வீட்டில் குழந்தையை வெயிலில் காட்டச் சொல்லாதீர்கள். சூட்டில் உடல் நீர் வற்றும், தோலும் வெந்துபோகும். மருத்துவமனை விளக்கு அளந்து கொடுக்கும் ஒளி.

சாயக்கடைக்குப் போகும் முன் நீங்கள் செய்து பார்க்க ஒரு சோதனை. இரண்டு காலணிப் பெட்டிகள் எடுங்கள். ஒன்றின் உள்பக்கம் முழுவதும் இளம்பவளத் தாளும் மற்றதில் வெள்ளைத் தாளும் ஒட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தில் ஒளி நுழைய ஓட்டை, மறுபக்கத்தில் பார்க்க ஓட்டை. உள்ளே வெள்ளைத் தாள் துண்டு ஒன்றையும் வெளிறிய மஞ்சள் துண்டு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்தப் பெட்டியில் பிரித்தறிவது கடினம் என்று நண்பரைக் கேளுங்கள். பிறகு அதே தாளைப் பெட்டிக்கு வெளியே பிடித்து, உள்ளே தெரியும் நிறத்தோடு ஒப்பிடுங்கள். பிடித்த நிறத்தைவிட ஒன்றிரண்டு படி வெளிறியதை வாங்கச் சொல்லும் அனுபவசாலிச் சாயக்காரர்களின் கணக்கு புரியும்.

அம்மா நிறத்தை மாற்றச் சம்மதிக்கவில்லை. கூரைப்பலகைக்கும் சன்னலை ஒட்டிய சுவருக்கும் மட்டும் வெள்ளை அடித்தேன். பழைய குழாய் விளக்கை மீண்டும் மாட்டினேன். தொட்டில் சன்னலோரம் வந்தது. அடுத்த வாரம் தாதி மறுபடியும் வந்தார். வெள்ளைச் சுவரை அவருக்குக் காட்டினேன். தலையாட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அஞ்சடிக்குப் போனார்.