அறுநூறு குரல்களால் ஆன வாத்தியம்

டென் சிசி குழுவின் ‘ஐம் நாட் இன் லவ்’ பாட்டில், பாடகரின் பின்னால் மிதந்து பரவும் ஒலியைக் கேட்பவர்கள் சின்தசைசர் என்றே நினைப்பார்கள். அது முழுக்க மனிதக் குரல். 1975-இல் வெளிவந்த அந்தப் பாட்டு, மான்செஸ்டருக்கு அருகில் ஸ்டாக்போர்ட்டில் இருந்த ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் உருவானது.

முதலில் அதை போசா நோவா தாளத்தில் பதிவு செய்தார்கள், பிடிக்காமல் கைவிட்டார்கள். பிறகு, வாத்தியங்களுக்குப் பதிலாகக் குரல்களையே நிரப்பலாம் என்றார் குழுவில் ஒருவரான கெவின் காட்லி. ஆனால் ஆறு நிமிடம் மூச்சு விடாமல் யார் பாடுவது? ஒலிநாடாவை வளையமாக்கிச் சுழலவிடலாம் என்று வழி சொன்னவர் லோல் கிரீம்.

காட்லி, கிரீம், கிரஹாம் கூல்ட்மேன் மூவரும் ஒரே சுரத்தை ‘ஆ’காரமாக நீட்டிப் பாடினார்கள். அதையே 16 முறை பாடிப் பதிந்தபோது, ஒரு சுரத்துக்கு 48 குரல்கள் சேர்ந்தன. எத்தனை தேர்ந்தவர் பாடினாலும் சுருதி ஒவ்வொரு முறையும் இம்மியளவு விலகும். அந்த விலகல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததால்தான் ஒலி இவ்வளவு அகலமானது. பிசகே இல்லாத ஒற்றைக் குரலை எத்தனை மடங்கு பெருக்கினாலும் இது கிடைக்காது.

கலந்த குரல்களை நாடாவில் ஏற்றி, வெட்டி, முனைகளை ஒட்டினார்கள். ஒட்டு கடந்துபோகும்போதெல்லாம் சிறு இடறல் கேட்கும். அது அடிக்கடி வராதிருக்க வளையத்தைச் சுமார் 12 அடி நீளமாக வைத்து, பதிவுக்கருவிக்கு வெளியே மைக் ஸ்டாண்டைச் சுற்றி ஓடவிட்டார்கள். பதின்மூன்று சுரங்களுக்கும் இப்படியே செய்து முடிக்க வாரக்கணக்கானது. மொத்தம் 600-க்கும் மேற்பட்ட குரல்கள்!

ஒவ்வொரு சுரத்தையும் 16 டிராக் நாடாவில் தனித்தனி டிராக்காக ஏற்றியதும், மிக்ஸிங் மேசையே ஆர்மோனியமாகிவிட்டது. பாட்டின் ஸ்வரக்கட்டு மாறும்போதெல்லாம் அதற்குரிய ஃபேடர்களை ஏற்றி, மற்றவற்றை இறக்கினார்கள். எந்த ஃபேடரும் அடிவரை இறங்காதபடி கீழே டேப் ஒட்டித் தடுத்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பு. அதனால் பொருந்தாத சுரங்களும் நாடாவின் இரைச்சலும் பாட்டு நெடுக மெல்லியதாகக் கசிந்துகொண்டே இருக்கின்றன. கவனமான எந்த ஒலிப்பதிவாளரும் துடைத்து எறிந்திருக்கக்கூடிய அந்தக் கசிவு இல்லாவிட்டால், இந்தப் பாட்டுக்கு இந்தக் காற்றே இருந்திருக்காது.

மற்ற வாத்தியங்கள் மிகக் குறைவு. பாடகர் எரிக் ஸ்டூவர்ட் வாசித்த ஃபெண்டர் ரோட்ஸ் மின்பியானோ, இதயத்துடிப்பு மாதிரி ஒலிக்கும் மூக் சின்தசைசர், இவற்றோடு கொஞ்சம் கிட்டார். நடுவில் வரும் பெண்குரல் பாடகியுடையது அல்ல. ஸ்டூவர்ட்டுக்குத் தொலைபேசி அழைப்பு வந்திருப்பதைச் சொல்ல, வேலை கெடாதபடி தணிந்த குரலில் உள்ளே வந்த ஸ்டூடியோ ஊழியரையே மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள்.